பன்னிரண்டு நாளாகியும் ஒட்டும் எண்ணெய்

வணக்கம் ஐயா,

எட்டு மாதமாக வார இறுதிகளில் உட்கார்ந்து ஒரு யுகுலேலே (சின்ன கிடார் போன்ற நாலு தந்தி வாத்தியம்) செய்து முடித்தேன். முகப்பலகை ஸ்புரூஸ், முதுகும் பக்கங்களும் ஈட்டி மரம். மரம் கைக்கு மரமாகவே தெரியவேண்டும் என்று வார்னிஷைத் தவிர்த்து, முதுகுப் பக்கம் ஆளிவிதை எண்ணெய் பூசினேன். நன்றாகக் குடிக்கட்டும் என்று ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டேன். பன்னிரண்டு நாளாகிறது, விரல் வைத்தால் இன்னும் ஒட்டுகிறது. இன்னொரு கோட் கொடுத்தால் சரியாகுமா? முகப்பலகைக்கும் இதையே பூசலாமா? தந்திகளைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ் கட்டையை இன்னும் முகப்பலகையில் ஒட்டவில்லை.

க.

அன்புள்ள க.,

இன்னொரு கோட் வேண்டவே வேண்டாம். மேலே இருப்பதை எடுப்பதுதான் இப்போதைய வேலை. டர்பன்டைனில் நனைத்த துணியால், பிசுபிசுப்பு போகும்வரை துணியை மாற்றி மாற்றித் துடையுங்கள். கருவி பாழாகவில்லை, பயப்படாதீர்கள்.

தண்ணீர் காய்வதுபோல ஆளிவிதை எண்ணெய் ஆவியாகிப் போவதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு தானே இறுகுகிறது. கனமாகப் பூசினால் மேலே ஆடை கட்டிவிடும். அடியில் இருப்பதற்குக் காற்று கிடைக்காது. போதாததற்கு உங்களுடையது ஈட்டி. அந்த மரத்துக்குள் இருக்கும் இயற்கை எண்ணெயே இந்த இறுகலைத் தடுக்கும். அதனால் அடுத்த முறை பூசுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் தொட்ட துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். ஓரத்தில் பிளாஸ்டிக் பட்டை ஒட்டியிருந்தால் அதன்மேல் அசிட்டோன் படக்கூடாது, கரைந்துவிடும்.

டப்பாவையும் பாருங்கள். பச்சை, அதாவது காய்ச்சாத, ஆளிவிதை எண்ணெய் என்றால் மெல்லிய பூச்சுக்கே பல நாள், சில சமயம் வாரங்கள் பிடிக்கும். 'காய்ச்சியது' என்று விற்பதில் பெரும்பாலும் சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், மறுநாளே தொடலாம். தேங்காய் எண்ணெய் இந்த வேலைக்கு ஆகாது, அது எந்தக் காலத்திலும் இறுகாது.

அப்புறம், துடைப்பது. எண்ணெய்ப் பூச்சில் கைவேலை என்று ஒன்று இருந்தால் அது இதுதான். முதல் கோட்டுக்குப் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்து தேயுங்கள். கால் மணி நேரம் கழித்து, பூசியதே தெரியாத அளவுக்குத் துடைத்து எடுங்கள். அத்தோடு எழுந்து போய்விடாதீர்கள். அரை மணி கழித்து முதுகை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்: ஈட்டியின் துளைகளிலிருந்து குண்டூசி முனை அளவில் எண்ணெய் வியர்த்திருக்கும். துடைத்தால் மறுபடி வரும். முதல் சில மணி நேரம் இப்படிப் பக்கத்திலேயே இருக்கவேண்டும். அந்த முத்துகளை விட்டுவிட்டால் அவையே காய்ந்து சொரசொரப்பாக நிற்கும், பிறகு உப்புத்தாள்தான். ஒரு கோட் முழுதாகக் காய்ந்தபின் அடுத்தது. மூன்று நான்கு போதும்.

முகப்பலகைக்கு எண்ணெய் வேண்டாம் என்பேன். ஸ்புரூஸ் மென்மையான மரம், ஆழமாகக் குடிக்கும். ஒலித்துளையின் விளிம்பில் நார் வெட்டுப்பட்ட இடங்கள் திட்டுத்திட்டாகக் கறுக்கும். மெல்லிய பலகைக்குள் இறங்கிய எண்ணெய் எடையைக் கூட்டி அதிர்வையும் மழுக்கும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிசாக ஏற்றுங்கள். எதைப் பூசினாலும், முதலில் பிரிட்ஜ் உட்காரும் இடத்தை அளந்து டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். தந்திகளின் இழுவை முழுவதையும் தாங்கப்போகும் இடம் அது. பசை வெறும் மரத்தைத்தான் கவ்வும்.

துடைத்த துணிகளை என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. இறுகும்போது இந்த எண்ணெய் சூட்டை வெளிவிடும். கசக்கி மூலையில் போட்ட துணியில் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், நெருப்பில்லாமலே பற்றிக்கொள்ளும். இப்போது துடைக்கப்போகும் துணிகளுக்கும் இது பொருந்தும். ஒவ்வொன்றையும் வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதில் அமுக்கி வையுங்கள். துடைக்க உட்காருவதற்கு முன்பே அந்த டப்பா பக்கத்தில் இருக்கட்டும்.