சிரஸ்தார் பதில்கள்: எட்டாயிரம் ரூபாய்க்கு ஓர் அப்பீல்

கேள்வி: கைமாற்றாகக் கொடுத்த 8,000 ரூபாயைக் கேட்டு ஸ்மால் காஸ் வழக்கு (சின்னத் தொகைகளுக்கான சுருக்க விசாரணை வழக்கு) போட்டுத் தோற்றுவிட்டேன். அப்பீல் கிடையாது என்று வக்கீல் கையை விரிக்கிறார். கோடி ரூபாய்க்காரனுக்கு மூன்று கோர்ட்டு, எனக்கு ஒன்றுதானா? சட்டத்தைத் திருத்தி எல்லோருக்கும் அப்பீல் கொடுத்தால் அரசாங்கத்துக்கு அப்படி என்ன செலவாகிவிடும்? (கும்பகோணம் வாசகர்)

பதில்: உங்கள் கோபம் நியாயமானதுதான் ஐயா. ஆனால் 'அப்படி என்ன செலவு' என்பதை, முப்பத்தோரு வருடம் வழக்குக் கட்டுகளோடு மல்லுக்கட்டிய சிரஸ்தார் (கோர்ட்டுத் தலைமை எழுத்தர்) என்னிடமா கேட்பது!

மேல் கோர்ட்டில்தான் செலவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது கீழ்க் கோர்ட்டிலேயே தொடங்கிவிடும். நான் பென்ச் கிளார்க்காக இருந்தபோது ஒரு பால்காரர் பாக்கி கேட்டு வழக்குப் போட்டிருந்தார். நீதிபதி அரைத்தாளில் எழுதினார்: 'பால் கணக்கு நோட்டைக் காட்டினார். பிரதிவாதி கையெழுத்தை ஒப்புக்கொண்டார், தொகையை மறுத்தார்.' சாட்சியம் அவ்வளவே. அப்பீல் இல்லாத வழக்கில் சாரத்தை மட்டும் குறித்தால் போதும் என்கிறது சிவில் நடைமுறைச் சட்டம், கட்டளை 18, விதி 13. ஸ்மால் காஸ் தீர்ப்பிலும் எழுவினாவும் (தீர்க்க வேண்டிய கேள்வி) முடிவும் இருந்தால் போதும். மதியத்துக்குள் ஆறு வழக்குகள் முடிந்தன.

மறுநாள் அப்பீல் உள்ள பண வழக்கு ஒன்று. சாட்சி ஒரு வாக்கியம் சொல்ல, நீதிபதி அதைத் திருத்திச் சொல்ல, டைப்பிஸ்ட் அடிக்க, 'கொடுத்தேன் என்றார், கொடுத்ததாகச் சொன்னார் அல்ல' என்று வக்கீல் எழுந்து நிற்க, அடித்ததை அடித்து மறுபடி அடிக்க, கடைசியில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து. ஒரே சாட்சி, உணவு இடைவேளை வந்துவிட்டது. எல்லா வழக்குக்கும் அப்பீல் என்றால் பால்காரர் வழக்கும் இப்படித்தான் நடக்கும். அப்பீலே போக நினைக்காதவர் வழக்கும் சேர்த்துத்தான்.

அதற்குப் பிறகு நகல் மனு, பக்க எண் போடுதல், கட்டு மேல் கோர்ட்டுக்குப் போதல், நோட்டீஸோடு அமீனா அலைதல், இன்னொரு நீதிபதி முதலிலிருந்து படித்தல். தமிழ்நாட்டில் கோர்ட்டுக் கட்டணம் 3 சதவீதம். உங்கள் 8,000க்கு 240 ரூபாய். மீதி பொதுப்பணம்.

அதற்காகக் கதவை அடைத்தால் மிச்சம் என்றும் சொல்ல மாட்டேன். மாகாண ஸ்மால் காஸ் சட்டம், 1887, பிரிவு 25இன்படி நீங்கள் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு கேட்கலாம். தீர்ப்பு சட்டப்படி இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கைமாற்றுத் தகராறுக்கு மதுரைக் கிளை நீதிபதியின் நேரம்! அதைவிட விலை கூடிய நேரம் நம் மாநிலத்தில் உண்டா?

என்னைக் கேட்டால் வழி பழைய சென்னையில் இருக்கிறது. சென்னை, பம்பாய், கல்கத்தாவுக்கான 1882ஆம் வருடச் சட்டத்தில், எதிர்த்து நடத்திய வழக்கில் எட்டு நாளுக்குள் அதே ஸ்மால் காஸ் கோர்ட்டில் மறுவிசாரணை கேட்கலாம் (பிரிவு 38). கட்டு மாடி ஏறினாலும் ஊர் தாண்டாது. இதை மற்ற ஊர்களுக்கும் கொடுத்தால் உங்களைப் போன்றவர்களுக்குப் போதும். சட்டம் திருத்துகிறவர்களுக்குத் தொகையை மாற்றத்தான் தெரிகிறது. ஸ்மால் காஸ் தன்மையுள்ள வழக்கைச் சாதாரண சிவில் வழக்காக நடத்தினாலும், சட்டப் பிரச்சினை இல்லாமல் அப்பீல் போக முடியாத வரம்பு ஒன்று உண்டு. அது முன்பு 3,000 ரூபாய், 2002 முதல் 10,000. அன்று அதற்கு இரண்டு பவுன் வந்தது. இன்று நகைக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: நுகர்வோர் மாவட்ட ஆணையத்தில் 2 லட்சம் ஜெயித்தேன். எதிர்த்தரப்பு மாநில ஆணையத்துக்குப் போகிறதாம். பணம் வருமா? (திருச்சி வாசகி)

பதில்: கவலை வேண்டாம் அம்மா. 2019ஆம் வருடச் சட்டப்படி அவர்கள் பாதித் தொகையை, அதாவது ஒரு லட்சத்தை, முதலில் கட்ட வேண்டும். 45 நாள் கெடு. பழைய சட்டத்தில் 25,000 கட்டினால் போதும். அதனால் சும்மா இழுத்தடிக்கவே அப்பீல் போட்டார்கள். ஆணையின் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.