1905 நியூசிலாந்து ரக்பி சுற்றுப்பயணம்: நினைவுப் பொருட்கள் பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, எத்தனையோ பயணங்கள் இருக்க, 1905க்கு மட்டும் ஏன் இவ்வளவு மவுசு?

பதில்: வெல்லிங்டனில் கப்பலேறிய அந்த நியூசிலாந்து அணி பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ், வட அமெரிக்கா என்று 35 ஆட்டம் ஆடி 34இல் ஜெயித்தது. தோற்றது டிசம்பர் 16 அன்று கார்டிஃபில் வேல்ஸிடம் மட்டும், 0-3. அதிலும் நியூசிலாந்து வீரர் பாப் டீன்ஸ் ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதித்து எடுக்கும் புள்ளி) போட்டாரா இல்லையா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. நியூசிலாந்து அணிக்கு 'ஆல் பிளாக்ஸ்' என்ற பெயர் ஊர் உலகமெல்லாம் பரவியதும் இந்தப் பயணத்தில்தான். அதனால் அந்தக் கார்டிஃப் ஆட்டத்தின் கையேடு (அன்றைய ஆட்டத்துக்காக அச்சடித்த நிகழ்ச்சிப் புத்தகம்) என்றால் சேகரிப்பாளர்களிடையே அடிபிடிதான்.

கேள்வி: ஒரு ஜெர்சி 1,80,000 பவுண்டுக்குப் போனதாமே, நிஜமா?

பதில்: நிஜம். 2015 அக்டோபரில், கார்டிஃபிலேயே நடந்த ஏலம். நியூசிலாந்து கேப்டன் டேவ் கல்லஹர் அந்த வேல்ஸ் ஆட்டத்தில் போட்டிருந்த ஜெர்சி அது. கறுப்புத் துணி, இடது மார்பில் வெள்ளிப் பெரணி இலை, எதிராளிக்குப் பிடி கிடைக்கக் கூடாது என்று தோள்பகுதியில் வைத்துத் தைத்த தோல். கல்லஹர் 1917 அக்டோபரில், முதல் உலகப் போரின் பாசென்டேல் சண்டையில் இறந்துபோனார். இன்ன ஆட்டத்தில் இன்னார் போட்டது என்று உறுதியாகச் சொல்ல முடிந்ததால்தான் அந்த விலை. அந்த வரலாறு தெரியாவிட்டால் அதே ஜெர்சி வெறும் பழைய துணிதான். எதை வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது, இது யார் யார் கை மாறி வந்தது என்பதை.

கேள்வி: சார், உங்களுக்கு ரொம்பப் பிடித்த பொருள்?

பதில்: ஒரு விசில்! 1905இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் இங்கிலாந்தோடு நடந்த ஆட்டத்தில் நடுவர் கில் எவன்ஸ் ஊதியது. 1987 முதல் ஒவ்வொரு ரக்பி உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தையும் அதை ஊதித்தான் தொடங்குகிறார்கள். மற்ற நாட்களில் நியூசிலாந்தின் பால்மர்ஸ்டன் நார்த் நகரத்து ரக்பி அருங்காட்சியகத்தில் இருக்கும். கண்ணாடிப் பெட்டிக்குள் முடங்காமல் இன்னமும் வேலை செய்கிறதே, அந்த அழகுக்கு ஈடே இல்லை.

கேள்வி: இணையத்தில் 1905 அணிப் படம் போட்ட தபால் அட்டை ஒன்று வாங்கினேன். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: கள்ளநோட்டு பார்க்கும் யுவி (புற ஊதா) டார்ச் இருக்கிறதல்லவா, அதை இருட்டறையில் அட்டைமேல் அடியுங்கள். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். காகிதத்தில், இப்படி ஒளிரும் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்க்கும் வழக்கம் 1950 வாக்கில்தான் பரவியது. ஒளிராவிட்டால் மட்டும் அசல் என்று முடிவு கட்ட வேண்டாம். வெண்மையூட்டாத புதுக் காகிதமும் கிடைக்கிறது. அப்புறம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு, நீலம், மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அது இந்தக் கால அச்சு.

கேள்வி: பழைய ஆட்டக் கையேடு ஒன்று இருக்கிறது, ஓரமெல்லாம் உதிர்கிறது. லேமினேட் செய்யலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். சூட்டில் உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் கூடாது, சில வருஷத்தில் பழுப்புக் கறை விழும். அமிலமில்லாத அட்டையைப் பின்னால் வைத்து, பாலியஸ்டர் உறையில் போட்டு, வெயில் படாத அலமாரியில் படுக்கவையுங்கள்.