சிங்கப்பூர் வேலை: பணம் கட்டுவதற்கு முன் ஐபிஏ தாளைப் படியுங்கள்

அம்மா, வணக்கம். டிப்ளமோ முடித்த தம்பிக்குச் சிங்கப்பூரில் வேலை அமைந்திருக்கிறது, நகையை அடகு வைத்து நாலு லட்சம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய ஐபிஏ தாளைப் பார்த்தேன். ஐபிஏ என்பது வேலை அனுமதிக்குச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சு கொடுக்கும் முன் ஒப்புதல் கடிதம். இப்போதைக்கு நகையை அடகு வைக்க வேண்டாம்.

'எஸ் பாஸ்', அதாவது இடைநிலைத் திறன் வேலைக்கான அனுமதி என்று ஏஜெண்ட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தாளில் இருப்பது கட்டுமான வேலைக்கான ஒர்க் பெர்மிட். இரண்டும் ஒன்றல்ல. 2025 செப்டம்பர் முதல் புதிதாக எஸ் பாஸ் எடுக்கக் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 3,300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தம்பியின் தாளில் அடிப்படைச் சம்பளம் 600 வெள்ளி என்று இருக்கிறது. இந்தச் சம்பளத்துக்கு எஸ் பாஸ் கிடைக்கவே கிடைக்காது.

மாதம் 1,200 வெள்ளி கிடைக்கும் என்று ஏஜெண்ட் சொன்னாரே, அது எங்கிருந்து வரும்? ஓவர்டைம் பார்த்தால் வரும் என்பார். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் 44 மணி நேர வேலைக்கு 600 என்றால் மணிக்கு 3 வெள்ளி 15 காசு. ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 4 வெள்ளி 72 காசு. மாதத்துக்கு 72 மணி நேரம்தான் ஓவர்டைம் பார்க்கலாம் என்பது பொதுவான வரம்பு. முழுவதும் பார்த்தாலும் சுமார் 340. மொத்தம் 940. சாப்பாட்டுக்கு 120 பிடிப்போம் என்று தாளிலேயே போட்டிருக்கிறார்கள். மிச்சம் 820. அலவன்ஸ் என்ற இடம் காலியாக இருக்கிறது. ஓவர்டைம் இல்லாத மாதம் கையில் வருவது 480தான். நாலு லட்சத்துக்கு வட்டி கட்டுகிற வீட்டுக்கு இது தாங்காது அம்மா.

இந்தப் பெர்மிட் தம்பி பெயரில் இருந்தாலும் அதற்கு விண்ணப்பிப்பதும் ரத்து செய்வதும் கம்பெனிதான். பெர்மிட்டில் இருக்கிற கம்பெனியைத் தவிர வேறு எங்கேயும், ஞாயிற்றுக்கிழமை பகுதிநேரமாகக்கூட, வேலை செய்யக் கூடாது. 'போனதும் வேற கம்பெனிக்கு மாத்தி விடுறேன்' என்கிற பேச்சை நம்பாதீர்கள். மாறுவதற்கு வழி உண்டு. ஆனால் புதுக் கம்பெனி விண்ணப்பித்து மனிதவள அமைச்சு ஒப்புதல் தர வேண்டும். பெர்மிட் முடிய இன்னும் நாள் இருந்தால், பெரும்பாலும் இப்போதைய கம்பெனியின் சம்மதமும் வேண்டும். கடனோடு போன பையன் கம்பெனி சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டி வருவது இதனால்தான்.

கம்பெனி கட்ட வேண்டியதைத் தம்பி தலையில் கட்ட விடாதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளிக்காக மாதா மாதம் அரசுக்குக் கட்டும் லெவி, 5,000 வெள்ளி பிணைத்தொகை, மருத்துவக் காப்பீடு எல்லாமே முதலாளியின் செலவு. வேலை கொடுத்ததற்காகத் தொழிலாளியிடம் முதலாளி காசு வாங்கினால் அங்கே அது குற்றம், சிறைத்தண்டனை வரை உண்டு. பாஸ்போர்ட்டையும் கம்பெனி வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

ஏஜெண்ட் கூலிக்கும் வரம்பு உண்டு. சிங்கப்பூர் ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடியது ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். தம்பி கணக்கில் அதிகபட்சமே 1,200 வெள்ளி. நம் நாட்டில் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். நாலு லட்சம் எந்தக் கணக்கிலும் அடங்காது.

ஏஜெண்ட் மறுபடி வந்தால் தமிழில் உள்ள ஐபிஏ தாளைக் கேளுங்கள். ஊரை விட்டுக் கிளம்பும் முன் தொழிலாளியின் மொழியில் அதைக் கொடுப்பது முதலாளியின் கடமை. ஏஜெண்டின் பதிவு எண்ணை வாங்கி இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். பெர்மிட் உண்மையா என்பதைச் சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் தளத்திலேயே பார்க்கலாம், காசு எதுவும் இல்லை. 1,200 வெள்ளி தருவதாக இருந்தால் அதைத் தாளில் அடிப்படைச் சம்பளமாக எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சாகச் சொன்னதை வைத்து அங்கே போய் வழக்காடுவது கஷ்டம். எழுதித் தர மறுத்தால் இந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தம்பியை அவன் சான்றிதழ்களோடு என்னிடம் அனுப்புங்கள். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் டிப்ளமோவுக்கு என்ன இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.