கிளாரினெட் வாசிக்கும் மகன் பாண்ட் மாஸ்டராக வரலாமா?

கொழும்பில் உயர்தரம் படிக்கும் மகன் பாடசாலை பாண்டில் கிளாரினெட் வாசிக்கிறார், பாண்ட் நடத்துவதையே தொழிலாக்க விரும்புகிறார், வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக உண்டு. ஆனால் கோலை அசைப்பது இதில் சின்னப் பங்குதான். மீதியெல்லாம் காதும் கற்பித்தலும்.

மகன் இசைத்தாளில் உள்ள 'சி' என்ற ஸ்வரத்தை வாசித்தால் கேட்பது பியானோவின் 'பி ஃபிளாட்'. அதே 'சி'யை ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தால் 'ஈ ஃபிளாட்' வரும். இப்படி இருபது வரிகள் ஸ்கோரில், அதாவது எல்லா வாத்தியங்களுக்குமான இசையைச் சேர்த்து எழுதிய தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடும்போது, எந்தப் பிள்ளை பிசகியது என்று அந்த நொடியிலேயே பிடிக்க வேண்டும். பிடித்து, முகம் வாடாமல் திருத்தவும் வேண்டும். என்னைக் கேட்டால், இந்தத் தொழிலின் உயிரே அதுதான்.

சரி, படிப்பு? ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தின் தேர்வுகளைக் கொழும்பிலேயே எழுதலாம். வாத்தியத்தில் 6ஆம் கிரேடுக்குப் போக பொதுவாக 5ஆம் கிரேடு தியரி (இசைக் கோட்பாடு) வேண்டும், அதைத் தள்ளிப்போட விடாதீர்கள். பிறகு டிப்ளோமா. வேலை என்றால் பாடசாலைகள், முப்படை, பொலிஸ் பாண்டுகள், தனி வகுப்புகள்.

அப்புறம், கனிஷ்ட பிள்ளைகள் நான்கு பேருக்கு ஸ்கேல் (ஸ்வர வரிசை) சொல்லிக்கொடுக்க மாஸ்டரிடம் இப்போதே அனுமதி கேட்கச் சொல்லுங்கள்.