இருட்டு மட்டும் போதுமா?

கேள்வி: எதிர்காலத்தைக் காட்டும் இருண்ட படங்களில் எல்லாம் ஓயாத மழை, புகை, இருட்டு. செட்டின் குறையை மறைக்கத்தானே இதெல்லாம்?

மறைக்கவும்தான். இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' (1982) தெருக் காட்சிகள் பல, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்துப் பர்பாங்கில் ஒரு ஸ்டுடியோ வளாகத்துக்குள் இருந்த பழைய செட் தெருவில் எடுத்தவை. பகலில் கேமரா வைத்தால் குட்டு உடைந்துவிடும். அதனால் இரவு, மழை, புகை. ஆனால் தேவைக்காகக் கொண்டுவந்த மழை அந்த ஊரின் குணமாகவே ஆகிவிட்டது. கூட்டத்தில் போகிறவர்களின் குடைக்காம்புகளைக் கவனியுங்கள், குழல்விளக்கு மாதிரி ஒளிரும். வெயிலே எட்டிப் பார்க்காத ஊரில் மக்கள் எப்படிப் பழகிக்கொண்டார்கள் என்பதற்கு அதன்பிறகு வசனம் எதற்கு?

அப்புறம் பிராட்பரி கட்டடம். லாஸ் ஏஞ்சலீஸில் 1893-ல் கட்டியது. 2019-ல் நடக்கும் 'பிளேட் ரன்னர்' கதைக்குப் போய் அதைத் தேர்ந்தெடுத்தார்களே, அங்கேதான் எனக்கு ஸ்காட் மீது மரியாதை கூடுகிறது. தண்ணீர் சொட்டும் இருண்ட கூடத்தில், கண்ணாடிக் கூரை வழியே வானில் மிதக்கும் ஒரு விளம்பரக் கலத்தின் வெளிச்சம் துழாவிக்கொண்டு போகும். எதிர்காலம் பழசை இடித்துத் தள்ளிவிட்டா வரும்? பழைய சுவரிலேயே குழாயும் ஒயரும் போட்டுக்கொண்டுதான் வரும். மூலை முடுக்கெல்லாம் பளபளக்கும் எதிர்காலத்தை என்னால் நம்பவே முடிவதில்லை.

கேள்வி: இருட்டே இல்லாமல் பயம் காட்ட முடியுமா?

தாராளமாக. ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கியின் 'ஸ்டாக்கர்' (1979) பாருங்கள். எஸ்டோனியாவில் தாலின் நகருக்கு அருகே, கைவிடப்பட்ட மின்நிலையப் பகுதியில் எடுத்தது. ஊர்க்காட்சிகள் மங்கிய பழுப்பில் இருக்கும். தடைசெய்யப்பட்ட மண்டலத்துக்குள் போனதும் பச்சைப் புல்வெளி. ஜந்து எதுவும் கிடையாது. ஆட்களை உள்ளே அழைத்துப்போகும் வழிகாட்டி ஓர் இரும்பு நட்டில் வெள்ளைத் துணியைக் கட்டி முன்னால் வீசுகிறான். அது விழுந்த இடம்வரை நடக்கிறார்கள், மறுபடி வீசுகிறான். அதைப் பார்த்தபின் வெறும் புல்தரையில் கால்வைக்கவே நமக்குக் கூசும்.

கேள்வி: விண்கலத்தில் நடக்கும் குறும்படம் எடுக்கப்போகிறேன். கையில் பணம் அதிகமில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

அங்கே வேலை பார்க்கிறவர்களிடமிருந்து. 'ஏலியன்' (1979) கலத்தின் உட்புறத்தைப் பழைய விமானங்களின் பாகங்களைக் கொண்டு அமைத்தார்கள். ஆளில்லாத சாப்பாட்டு மேசையில் பொம்மைப் பறவை தலையாட்டிக்கொண்டிருக்கும். தூங்கி எழுந்ததும் பொறியாளர்கள் போனஸ் கணக்குப் பேசுவார்கள். வேற்றுக்கிரக ஜந்து வருவதற்கு முன்பே அந்தக் கலம் நமக்குப் பழகிய இடமாகிவிடும்.

உங்கள் கலத்தில் எந்தக் கதவு சரியாக மூடாது, எந்த விளக்கை மாற்றச் சொல்லி யார் நச்சரிக்கிறார், யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார், இதையெல்லாம் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மிச்சப் பணம் ஒலிக்கு. இயந்திர இரைச்சல் ஒன்றைப் படம் முழுக்க ஓடவிட்டு, சரியான இடம் பார்த்து நிறுத்துங்கள்.