பல்லைக் காட்டப் போனோம், டாக்டர் ஏன் காதைப் பார்த்தார்?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறோம். என் மகனுக்கு ஒன்பது வயது. போன வாரம் கிரவுண்டில் ஃபுட்பால் ஆடும்போது இன்னொரு பையனின் தலை மோதி, மேல் முன்பல் ஒன்று வேரோடு விழுந்துவிட்டது. கூட ஆடிய பசங்கள் பல்லைத் தேடி எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். நான் வேலையிலிருந்து ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்குள் ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. டாக்டர் அந்தப் பல்லையே திரும்ப வைத்துக் கம்பி கட்டியிருக்கிறார். ஆனால் "எப்படி அடிபட்டது?" என்று மூன்று தடவை கேட்டார். அவன் காது, கழுத்தெல்லாம் பார்த்தார். அப்புறம் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார். வீட்டுக்கு வந்து அழுதேன். பெற்ற பிள்ளையை நானே அடித்தேன் என்று நினைத்தாரா? அந்தப் பல் இனி நிற்குமா?

பதில்: பல்லைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் உங்கள் அழுகைக்குப் பதில். அவர் உங்களை அப்படி நினைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை அம்மா. வாயில் அடிபட்டு வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் நானும் இதையேதான் செய்கிறேன். என் அக்கா தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் இதே கேள்விகள்தான்.

"எப்படி அடிபட்டது" என்ற கேள்வியில் பாதி, பல்லுக்கான வைத்தியம். எத்தனை மணிக்கு விழுந்தது என்று தெரிந்தால்தான் வேரின் மேல் உள்ள செல்கள் உயிரோடு இருக்குமா என்று கணக்குப் போட முடியும். மண் தரையில் விழுந்ததா என்று தெரிந்தால்தான் டெட்டனஸ் ஊசியைப் பற்றி யோசிக்க முடியும். எந்தப் பக்கமிருந்து அடி வந்தது என்பதும் முக்கியம். முகவாய்க்கட்டையில் அடிபட்டால் காதுக்கு முன்னால் இருக்கும் தாடை மூட்டு உடைந்திருக்கலாம். அது வாயைப் பார்த்த உடனே தெரியாது. தலையோடு தலை மோதியிருக்கிறது, மயங்கி விழுந்தானா, வாந்தி எடுத்தானா, பேச்சு குழறியதா என்று கேட்காமல் பல்லில் கை வைக்கவே கூடாது. இதில் ஒன்று இருந்தாலும் பல் காத்திருக்கட்டும், 108-ஐக் கூப்பிட்டு ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத்தான் முதலில் போக வேண்டும்.

மறுபாதி, குழந்தையின் பாதுகாப்பு. ஓடி விளையாடும் பிள்ளை விழுந்தால் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புகள்தான் அடி வாங்கும்: நெற்றி, மூக்கு, முகவாய், முழங்கை, முட்டி. காது மடல், காதுக்குப் பின்புறம், கழுத்து, கன்னத்தின் சதைப்பகுதி இவையெல்லாம் விழுந்து அடிபடுவது அபூர்வம். அங்கே ரத்தக்கட்டு இருந்தால், அது ஒரு கையின் வேலையா என்று நாங்கள் யோசித்தே ஆக வேண்டும். உங்கள் மகனின் காதைப் பார்த்தது அதற்காகத்தான். அங்கே எதுவும் இல்லை என்றால், நீங்கள் சொன்னதற்கு அவன் உடம்பே சாட்சி சொல்லிவிட்டது என்று அர்த்தம்.

வாய்க்குள்ளும் இப்படிச் சில அடையாளங்கள் உண்டு. மேலுதட்டைத் தூக்கினால் ஈறோடு அதை ஒட்டி ஒரு மெல்லிய நார் தெரியும். தத்தித் தத்தி நடக்கும் வயதில் குப்புற விழுந்து அது கிழிவது சகஜம். இன்னும் நடக்கவே ஆரம்பிக்காத குழந்தைக்குக் கிழிந்திருந்தால், யாராவது வாயில் ஸ்பூனையோ பாட்டிலையோ வலுக்கட்டாயமாகத் திணித்தார்களா என்று கேட்க வேண்டியிருக்கும். உதட்டோரத்தில் வாயைக் கட்டிய தடம், காரணம் தெரியாமல் மேல் அண்ணத்தில் ரத்தப் புள்ளிகள், ஒயரால் அடித்ததுபோல வளைந்த தழும்பு இவற்றைப் பார்க்கும்போதும் நாங்கள் நின்று விசாரிக்கிறோம். எந்த ஒரு தடமும் தனியாக எதையும் நிரூபித்துவிடாது. சொல்கிற கதையும் காயமும் பொருந்துகிறதா, அம்மா சொல்வதும் அப்பா சொல்வதும் ஒன்றா, நேற்று அடிபட்டதற்கு ஏன் இன்று சாயந்திரம் வருகிறார்கள் என்று எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்போம்.

நான் படிப்பு முடித்த புதிதில், நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்றை அழைத்து வந்தார்கள். முன்பல் ஈறுக்குள் அழுந்திப் போயிருந்தது. கட்டிலிலிருந்து விழுந்தாள் என்றார்கள். காது மடலில் நீலமாக ஒரு தடம் இருந்ததை நான் பார்த்தேன். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது. நல்ல குடும்பம் மாதிரித் தெரிந்தார்கள், மனம் நோகுமே என்று விட்டுவிட்டேன். சில வாரங்கள் கழித்து அதே குழந்தை கை முறிந்து வந்தது. அந்தக் கூச்சத்துக்கு விலை கொடுத்தது அவள். அன்றிலிருந்து நான் யாரையும் கேட்காமல் விடுவதில்லை. கேட்பதால் நல்ல தாய்மார் ஒரு நாள் வருத்தப்படுவார்கள் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். உங்கள் டாக்டர் அதைக் கொஞ்சம் முன்கூட்டியே விளக்கியிருக்கலாம். "எல்லாப் பிள்ளைகளிடமும் இரண்டு நிமிஷம் தனியாகப் பேசுவது எங்கள் வழக்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீங்கள் அழுதிருக்க மாட்டீர்கள். அந்தக் குறை அவர் பக்கம்.

தனியாகப் பேசுவது எதற்கு? பிள்ளைகள் அடித்தவர்களையே காப்பாற்றப் பார்ப்பார்கள். அம்மா எதிரில் இருந்தால் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லப் பயப்படுவார்கள். "நீதான் ஏதாவது செய்திருப்பே" என்று திட்டு விழுமே. பள்ளியில் குழந்தையை அடிப்பதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில் தடை செய்திருக்கிறது. ஆனாலும் ஸ்கேல் பட்டு உடைந்த பல்லை "படியில் விழுந்தேன்" என்று சொல்லும் பிள்ளை உண்டு. அதனால் நர்ஸைக் கூட வைத்துக்கொண்டு, "என்னப்பா ஆச்சு, நீயே சொல்லு" என்று மட்டும் கேட்போம். "யார் அடிச்சா?" என்று கேட்க மாட்டோம். அப்படிக் கேட்டால் நம் வார்த்தையை அவன் வாயில் போட்டதாகிவிடும். அவன் சொன்னதை அவன் சொன்ன சொற்களிலேயே சீட்டில் எழுதி வைப்போம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கவும் மாட்டோம், ஏனென்றால் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். 2012-இன் போக்சோ சட்டப்படி, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்திருக்கலாம் என்று தெரிந்தாலே போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. டாக்டருக்கு மட்டும் இல்லை, டியூஷன் டீச்சருக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்கு பாயாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. எந்த வகைக் கொடுமையாக இருந்தாலும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்யலாம். இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். யார் குற்றவாளி என்று தீர்மானிப்பது எங்கள் வேலை இல்லை, தகவல் சொல்வதோடு எங்கள் கடமை முடிகிறது.

இதில் எனக்கு அழுத்தமான ஒரு கருத்து உண்டு. ஏழ்மையை அலட்சியம் என்று எழுதிவிடக் கூடாது. காசிமேட்டில் விடிவதற்கு முன்னால் மீன் ஏலத்துக்குப் போகிற அம்மா, காலை ஓ.பி.யில் வந்து நிற்க முடியாது. ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. நீங்கள் ஒன்றரை மணி நேரத்தில் வந்ததும் அப்படித்தான், அது தாமதமே இல்லை. பிள்ளை வலியில் ராத்திரியெல்லாம் அழுகிறது, சிகிச்சைக்கு வழியும் செய்து கொடுத்தாயிற்று, அப்புறமும் யாரும் கூட்டிவரவில்லை என்றால்தான் அது வேறு கதை.

சரி, பல்லுக்கு வருவோம்.

வேரின் மேல் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. பல்லையும் எலும்பையும் பிணைப்பது அதுதான். காய்ந்துபோனால் அதன் செல்கள் செத்துவிடும். ஒரு மணி நேரம் உலர்ந்து கிடந்தாலே பெரும்பாலும் போய்விடும். உங்கள் மகனின் பல் காகிதத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்திருக்கிறது. ஆகவே உண்மையைச் சொல்கிறேன்: இந்தப் பல் சில ஆண்டுகள் நிற்கலாம், ஆயுசுக்கும் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சவ்வு இல்லாத வேரை எலும்பு தன்னோடு இறுக்கி ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். தாடை வளர வளர அந்தப் பல் மட்டும் மேலே தங்கிக் குட்டையாகத் தெரியும். அப்படி இருந்தும் டாக்டர் அதைத் திரும்ப வைத்தது மிகச் சரியான முடிவு. இடைவெளி மூடாமல் இருக்கும், அந்த இடத்து எலும்பு கரையாமல் இருக்கும், பையனும் வாய் திறந்து சிரிப்பான். செயற்கை வேர் வைத்துப் பல் கட்டுவதை வளர்ச்சி முடிந்த பிறகுதான் செய்ய முடியும். அதுவரை இந்தப் பல் இடத்தைக் காத்துக்கொண்டிருக்கும்.

கம்பி பொதுவாக இரண்டு வாரம் இருக்கும். அதுவரை இட்லி, ரசம் சாதம் மாதிரி மெத்தென்று கொடுங்கள். மெல்லிய பிரஷால் தேய்க்கட்டும், டாக்டர் கொடுத்த குளோர்ஹெக்சிடின் தண்ணீரால் கொப்பளிக்கட்டும். வலி இல்லை என்று செக்கப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். வேருக்குள் நடப்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும். ரூட் கேனால் எப்போது செய்வது என்பது வேரின் நுனி மூடிவிட்டதா என்பதைப் பொறுத்தது. ஒன்பது வயதில் அது இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கும்.

கிரவுண்டில் உள்ள கோச்சுக்கும் பசங்களுக்கும் இதைச் சொல்லுங்கள். நிலைப்பல் விழுந்தால் வெள்ளையாகத் தெரியும் பக்கத்தைப் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தொடவே கூடாது. மண் ஒட்டியிருந்தால் பாலில் லேசாக அலசலாம். பால் இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரில் சில நொடி காட்டினால் போதும், தேய்க்க வேண்டாம். அடிபட்ட பையன் தெளிவாக இருந்தால், அங்கேயே அந்தக் குழியில் பல்லை வைத்து, சுத்தமான கைக்குட்டையை மெல்லக் கடித்துக்கொள்ளச் சொல்லி உடனே டாக்டரிடம் அழைத்துப் போகலாம். இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. தைரியம் வராவிட்டால் பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு ஆவின் பாக்கெட் வாங்கிப் பல்லை அதில் போடுங்கள். காய்ச்சாத, குளிர்ந்த பால்தான் வேண்டும். தண்ணீரில் ஊறப்போட்டால் செல்கள் உப்பி வெடித்துவிடும். பல் உடைந்து துண்டாக வந்திருந்தாலும் அந்தத் துண்டைத் தூக்கிப்போடாதீர்கள், பல நேரங்களில் அதையே ஒட்டிவிடலாம். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிந்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தில் நிலைப்பல்லையும் எறிந்துவிட்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

பால்பல் விழுந்தால் மட்டும் கதை தலைகீழ். அதைத் திரும்ப வைக்கவே கூடாது, உள்ளே முளைக்கும் நிலைப்பல்லை அது கெடுத்துவிடும். எது பால்பல், எது நிலைப்பல் என்று தெரியாவிட்டால் பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். பகல் நேரமாக இருந்தால், சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம்.

கம்பி கழற்றப் போகும்போது, எப்போது மறுபடி ஆடலாம் என்று மகனையே கேட்கச் சொல்லுங்கள். ஆடும்போது பல்லைக் காக்க வாயில் மாட்டிக்கொள்ளும் மவுத்கார்டும் அப்போதே கேளுங்கள். இந்த வயதில் புதுப்பற்கள் முளைத்துக்கொண்டே இருப்பதால் அதை அவ்வப்போது மாற்ற வேண்டியிருக்கும். அன்றைக்கு அவர் மறுபடி அவனோடு தனியாகப் பேச வேண்டும் என்றால், இந்த முறை நீங்களே எழுந்து வெளியே போய் உட்காருங்கள்.