முன்சீப் வீட்டுச் சோறு: நாடகக் கேள்வி பதில்

திருகோணமலையில் மேடையேற்ற எழுதிக்கொண்டிருக்கும் நாடகம் பற்றி இளையவர்கள் கேட்டவையும் என் பதில்களும் இவை. கேட்டவரின் ஊர்ப் பெயர் கேள்விக்கு முன்னால் இருக்கிறது. கதை 1930இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் நடக்கிறது. கணவன் கிராம முன்சீப், அதாவது ஊரில் அரசாங்கத்தின் அதிகாரி. மனைவி, வெள்ளைக்கார அரசின் உப்புச் சட்டத்தை மீறிய உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்களுக்குச் சோறு போடுகிறாள்.

உப்புவெளி: சேர், புருஷன் பெண்சாதி சண்டையை எங்கே தொடங்கலாம்?

அடுப்படியில். ஏப்ரல் 13ஆம் திகதி ராஜாஜி தொண்டர்களோடு திருச்சியிலிருந்து வேதாரணியக் கடற்கரைக்கு உப்பு அள்ள நடக்கத் தொடங்கினார். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் அறிவித்தார். சனங்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். உங்கள் நாடகம் இதற்குள்ளேயே கிடக்கிறது. இரவு, முன்சீப் அந்த அறிவித்தலைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறார். காலையில் ஊருக்குத் தண்டோரா போட வைக்க வேண்டியவரும் அவர்தான். உள்ளே அவள் பெரிய பானையை ஏற்றுகிறாள். "யாருக்கு இவ்வளவு?" என்று அவர் கேட்கட்டும். அவள் பேசாமல் வாழையிலையை நெருப்பில் வாட்டட்டும். முதல் அரை மணி நேரத்துக்குச் சுதந்திரம் என்ற பேச்சே வேண்டாம்.

நிலாவெளி: காந்தியை மேடையில் காட்டலாமா?

வேண்டாம். வட்டக் கண்ணாடியைக் கண்டதும் சனம் கைதட்டும், குடும்பத்தை மறந்துவிடும். அவர் நடந்ததும் குஜராத்திலுள்ள தண்டிக்குத்தான், வேதாரணியத்துக்கு அல்ல.

மூதூர்: ராஜாஜியை?

அதே பதில்.

தம்பலகாமம்: புருஷன் துரோகிதானே, அவனுக்கு ஏன் இவ்வளவு வசனம்?

துரோகி என்றால் பத்து நிமிடத்தில் நாடகம் முடிந்துவிடும் தம்பி. அந்தக் காலத்தில் முன்சீப் வேலை பரம்பரையாக வந்தது. அவர் விட்டால் மகனுக்கும் இல்லை. கச்சேரி என்ற அரச அலுவலகச் சம்பளத்திலும் துறைமுகச் சம்பளத்திலும் அடுப்பெரிந்த வீட்டுக்காரர்தான் நாளைக்கு முன்வரிசையில் இருக்கப் போகிறார்கள்.

கிண்ணியா: மகனைச் சாட்டி மழுப்பலாமா சேர்? அவள் சிறைக்குப் போனால் அதே மகனுக்குத் தாய் இல்லையே.

அப்படிப் போடுங்கள் தங்கச்சி! இதை அவள் வாயில் வையுங்கள்.

தம்பலகாமம்: என் அப்பாவும் அரச உத்தியோகம்தான். அதற்காக இவனை நல்லவனாக்க வேண்டுமா?

கிண்ணியா: ஆக்கினால் அவள்தான் பிடிவாதக்காரியாகிவிடுவாள். எல்லா நாடகத்திலும் இதுதானே நடக்கிறது?

நடக்கிறது, மறுக்க மாட்டேன். அதனால்தான் தனக்கு என்ன வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் போராட்டத்தில் ருக்மணி லட்சுமிபதி என்ற பெண் தொண்டர் சிறைக்கே போனார். ஏமாளிப் பெண் ஒருத்தி சோறு பொங்கினாள் என்று எழுதிவிடாதீர்கள்.

சாம்பல்தீவு: உப்பு அள்ளும் காட்சி?

ஏப்ரல் 30, வேதாரணியத்துக்குப் பக்கத்திலுள்ள அகத்தியம்பள்ளி. முதலில் நிலாவெளி உப்பளத்தில் செருப்பில்லாமல் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கல்லுப்பு உள்ளங்காலில் குத்தும், வெடிப்பிருந்தால் எரியும், நடையே மாறிவிடும். அந்த நடை வராவிட்டால் காட்சியை வெட்டுங்கள்.

பாலையூற்று: காந்தியின் குரலை மட்டும் ஒலிபெருக்கியில் விட்டால்?

குரலும் வேண்டாம், நிழலும் வேண்டாம், சுவரில் படமும் வேண்டாம். காந்தி பற்றிய கேள்விகள் இத்தோடு போதும்.

சம்பூர்: கடைசியில் இருவரும் சேர்கிறார்களா?

இப்போதே தெரிய வேண்டாம். ராஜினாமாக் கடிதத்தோடு மட்டும் முடிக்காதீர்கள், பார்த்துச் சலித்துவிட்டது. தம்பலகாமமும் கிண்ணியாவும் இப்போது கதைத்ததை யாராவது எழுதி வைத்தீர்களா? இரண்டாம் காட்சி அதுதான்.